படம் எப்படி? – தமிழ் ரசிகர் தீர்ப்புச் சொன்ன வரலாறு

நம் சங்க மலருக்கு இதுவரை நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் கோயிலும் கல்வெட்டும்தான். இங்கே உப்பலிலிருந்து வாரங்கல் சாலையைப் பிடித்துப் போனால் வருகிற கொலனுபாகா சமணக் கோயிலைப் பற்றி ஒரு தடவை எழுதினேன். சீவக சிந்தாமணியைப் பற்றி ஒரு தடவை எழுதினேன். இந்தத் தடவை சினிமா. "நயினாருக்கு என்ன ஆச்சு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2024 டிசம்பரில் ஒரு நாள் சாயங்காலம் கடையில் குக்கர் மூடி சரிபார்த்துக் கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன் போனைப் பார்த்துக் கொண்டே, "தாத்தா, படம் பார்த்தவங்க மூணு நாளைக்கு வாயே திறக்கக் கூடாதுன்னு மெட்ராஸ்ல கேஸ் போட்டிருக்காங்களாம்" என்றான். விசாரித்துப் பார்த்ததில் விஷயம் ஏறக்குறைய அப்படித்தான். அந்த வருஷம் பெரிய செலவில் எடுத்த சில படங்கள் அடி வாங்கின. தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் நவம்பரில் ஓர் அறிக்கை விட்டது. தியேட்டர் வளாகத்துக்குள் மைக்கைப் பிடித்துக்கொண்டு ரசிகர்களிடம் கருத்துக் கேட்க யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அடுத்து, படம் வெளியான முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பரில் நீதிமன்றம், கருத்துச் சொல்வது உரிமை என்று சொல்லி, இடைக்காலத் தடை கொடுக்க மறுத்துவிட்டது. கேரளாவில் இதற்கு முன்பே இந்தச் சண்டை வந்துவிட்டது. அங்கே உயர் நீதிமன்றத்துக்கு உதவியாக நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 2024 மார்ச்சில் கொடுத்த அறிக்கையில், 48 மணி நேரமாவது பொறுத்து விமர்சனம் செய்யலாம் என்று யோசனை சொல்லியிருந்தார்.

காசு கொடுத்துப் படம் பார்த்தவன் எப்போது பேசலாம்? இது எனக்குப் புதுக் கேள்வியாகத் தெரியவில்லை. பழைய கேள்விதான். அதனால் இதன் வரலாற்றைத் தேடிப் போனேன்.

ரசிகரின் கருத்தை அரசாங்கமே கேட்டுப் பதிவு செய்த முதல் பெரிய முயற்சி பேசும் படம் வருவதற்கு முன்னால் நடந்தது. 1927-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு திரைப்பட விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். ஒரு தமிழர் என்பதை நாம் பெருமையாகவே சொல்லிக் கொள்ளலாம். குழு ஊர் ஊராகப் போய் 353 பேரை நேரில் விசாரித்தது. கேள்வித்தாளும் அனுப்பியது. காந்தியடிகளுக்கும் ஒன்று போனது. நான் சினிமாவுக்குப் போனதே இல்லை, ஆனால் அதனால் விளைகிற கெடுதல் வெளியில் இருப்பவனுக்கே தெரிகிறது என்கிற கருத்தில் அவர் பதில் எழுதினார். படம் பார்க்காமலே விமர்சனம் செய்கிற வழக்கம் நேற்று வந்ததில்லை என்று இதைப் படித்தபோது சிரித்துக் கொண்டேன் (மகாத்மா மன்னிக்க வேண்டும்). 1928-இல் வந்த அறிக்கையில் நமக்கு வேண்டிய சேதி ஒன்று உண்டு. இந்திய ஜனங்கள் இந்தியப் படத்தைத்தான் விரும்புகிறார்கள், பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் படங்களுக்குச் சலுகை தேவையில்லை என்று குழு சொன்னது. அந்தக் காலத்துக்கு இது துணிச்சல்தான்.

பிறகு 1931 அக்டோபர் 31. சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் 'காளிதாஸ்' வந்தது. தமிழின் முதல் பேசும் படம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஐதராபாத்தில் இருக்கிற நமக்கு அதில் தனி உறவு உண்டு. இயக்கியவர் எச். எம். ரெட்டி. கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பேசினார். நம் வீடுகளில் இன்றைக்கும் நடக்கிற பேச்சு மாதிரியே இருந்திருக்கும்! அந்தப் படத்தில் ஒரு சின்ன வேஷத்தில் நடித்த இளைஞர்தான் எல். வி. பிரசாத். முதல் இந்திப் பேசும் படம் 'ஆலம் ஆரா', தமிழில் 'காளிதாஸ்', தெலுங்கில் 1932-இல் வந்த 'பக்த பிரகலாதா' மூன்றிலும் நடித்தவர். பிறகு 'மனோகரா', 'மிஸ்ஸியம்மா' படங்களை இயக்கியவர். ஐதராபாத்தில் 2003 முதல் இருக்கும் பிரசாத்ஸ் மல்டிபிளெக்ஸ் அவர் குடும்பத்தாருடையது. வெள்ளிக்கிழமை காலையில் படம் முடிந்து வருகிறவர்களிடம் மைக்கை நீட்டி "டாக் எலா உந்தி?" என்று கேட்கிற கூட்டம் அதன் வாசலில்தான் அதிகம். முதல் பேசும் படத்தில் பேசியவர் பேர் கொண்ட வாசலில் இன்று பார்த்தவன் பேசுகிறான்.

காளிதாஸ் வந்த காலத்தில் மைக் கிடையாது. படத்துக்கு முன்னால் பாட்டுப் புத்தகம் வரும். பாட்டெல்லாம் அச்சடித்து, முன்பக்கம் கதைச் சுருக்கம் போட்டு, கதை முக்கியமான இடத்துக்கு வரும்போது "மீதியை வெள்ளித் திரையில் காண்க" என்று நிறுத்திவிடுவார்கள். அந்த மீதி யாரிடம் இருக்கிறது? முதல் நாள் பார்த்துவிட்டு வந்தவனிடம்தான். ஊரில் அன்றைக்கு அவன்தான் ராஜா. டீக்கடையில் அவனுக்கு ஓசி டீ. அவன் 'சுமார்' என்று உதட்டைப் பிதுக்கினால் அந்த ஊரில் படம் சுமார்தான்.

எங்கள் பெரியப்பா பாட்டுப் புத்தகம் சேர்த்தவர். அவர் காலமான பின் ஒரு தகரப் பெட்டி எனக்கு வந்தது. பல புத்தகங்களின் பின் அட்டையில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: பார்த்த தேதி, கொட்டகை, டிக்கெட் விலை, அப்புறம் ஒரு வரி. 'பாட்டு அதிகம், கதை இல்லை.' 'சண்டை நன்று, உடன் வந்தவர் உறங்கினார்.' அரசாங்க அறிக்கை ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பத்திரிகை விமர்சனம் நூலகத்தில் இருக்கிறது. சாதாரண ரசிகன் சொன்னது இந்த மாதிரி தகரப் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது.

பத்திரிகை விமர்சனத்தில் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியைத் தாண்டி வேறு பேச்சில்லை. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆடல் பாடல் பற்றி எழுதினவர். 1935-இல் வந்த 'நந்தனார்' படத்துக்காக கே. பி. சுந்தராம்பாளுக்குக் கொடுத்தது ஒரு லட்சம் ரூபாய் என்று நாடே பேசியது. அந்தப் படத்தில் பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாகக் கல்கி எழுதினார் என்பது இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை. ஒரு லட்ச ரூபாய்ப் படத்தைப் பற்றி இப்படி எழுதினால் இன்றைக்கு என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

சுந்தராம்பாள் அம்மையாரைச் சொன்னதும் என் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் கிராமம் வந்தவாசிப் பக்கம். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். (இங்கே 'ஜெயின்' என்று சொன்னதும் என்னை மார்வாடி என்று நினைத்து இந்தியில் பேச ஆரம்பிப்பார்கள். நாற்பது வருஷமாக விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.) அப்பா சினிமாவுக்குப் போகிறவர் அல்ல. ஆனால் டூரிங் டாக்கீஸுக்குப் 'பூம்புகார்' வந்தபோது, இளங்கோவடிகள் காப்பியம் என்பதால் எங்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். படம் 1964-இல் வெளியானது. எங்கள் ஊர்ப்பக்கம் சில வருஷம் கழித்து வந்தபோது எனக்கு எட்டு ஒன்பது வயது. கதை வசனம் மு. கருணாநிதி, கோவலன் எஸ். எஸ். ராஜேந்திரன், கண்ணகி விஜயகுமாரி. கவுந்தியடிகள் சுந்தராம்பாள்.

இருட்டின பிறகு நாங்கள் எதையும் வாயில் போடுவதில்லை. இடைவேளையில் எல்லோரும் முறுக்கு தின்ன, நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போது பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் சம்சாரத்திடம், "பாரு, ஔவையாரே நேர்ல வந்துட்டாங்க" என்றார். 1953-இல் வந்த 'ஔவையார்' படத்தில் அதே அம்மையார்தான் ஔவை. அந்தக் குரல் கேட்டால் ஜனங்களுக்கு முருகனும் ஔவையும்தான் ஞாபகம் வரும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. படம் முடிந்து வரப்பு வழியாக வீட்டுக்கு நடக்கும்போதுதான் ஆரம்பித்தார். "அது ஔவை இல்லடா. கவுந்தியடிகள் நம்ம அம்மா. அருக தேவனைக் கும்பிட்ட துறவி. அது அவருக்குத் தெரியலையே. தெரியற மாதிரி படத்துல காட்டலையா, இல்ல அவர் பார்க்கலையா?"

அன்றைக்கு மூன்று மைல் நடந்தோம். நடந்த வழியெல்லாம் சிலப்பதிகாரம். நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் வழியின் கஷ்டத்தைச் சொல்கிறார். நீர்க்கரையில் நடக்கும்போது பார்க்காமல் கால் வைத்தால் நண்டும் நத்தையும் மிதிபட்டுச் சாகும், அந்தப் பாவம் நம்மால் தாங்க முடியாது என்கிறார். அப்பா இதைச் சொன்ன இடத்திலும் தண்ணீர் பாய்ந்த வயல்தான். "பார்த்து வை காலை" என்றார். கோவலன் கொலையுண்ட சேதி கேட்டு அடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டதைச் சொன்னபோது வீடு வந்துவிட்டது. நான் கல்லூரி வாசலை மிதித்தவனில்லை. இலக்கியம் என்று ஏதாவது தெரியும் என்றால் அது அன்று இரவு தொடங்கினது. அந்தப் பெரியவர் "ஔவையார்" என்று தப்பாகச் சொல்லியிருக்காவிட்டால் அப்பா வாயைத் திறந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

எங்கள் சமணத்தில் இந்த மாதிரி கேட்டுப் பேசுகிற வழக்கம் பழையது. நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு முதலில் எழுதின உரையைச் சமணர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றும், அவர் சமண நூல்களைக் கற்றுவிட்டு வந்து மறுபடி எழுதினார் என்றும் ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புறப்பட்டபோது சந்தேகம் தீர்த்து வைத்தவர்கள் கும்பகோணத்துச் சமணர்கள். கூடி உட்கார்ந்து படித்து, கேட்டு, பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 1887-இல் அச்சான அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ கேட்பவர்களின் பேச்சு இருக்கிறது. உரையாசிரியரையே திருப்பி அனுப்புகிற சபை நம்முடையது. சினிமாக்காரர் எம்மாத்திரம்!

ஆனால் ஜனங்கள் தீர்ப்பு எப்போதும் சரி என்றும் சொல்ல மாட்டேன். 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். எடுத்த 'அந்த நாள்' பாட்டே இல்லாத படம். டான்ஸ் இல்லை, சண்டை இல்லை. 'பாட்டு இல்லாத படம் ஒரு படமா?' என்று ரசிகர்கள் கைவிட்டார்கள். இன்றைக்குத் தமிழின் சிறந்த படங்களில் ஒன்று என்கிறோம். பெரியப்பா தன் பென்சிலால் அதற்கு என்ன எழுதினார் தெரியுமா? 'பாட்டுப் புத்தகம் இல்லை. ஏமாற்றம்.' ஒரு நோட்டுத் துண்டில் எழுதிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்.

தீர்ப்பு எதிர்ப்பக்கம் சாய்ந்த கதையும் உண்டு. 1980 பிப்ரவரியில் கே. விஸ்வநாத்தின் 'சங்கராபரணம்' தெலுங்கில் வந்தபோது முதலில் கூட்டமே இல்லை. பெரிய நடிகர் இல்லை, வயதான பாகவதர் கதை, யார் வருவார்கள்? பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லிக் கூட்டம் ஏறியது. தமிழ்நாட்டில் அதைத் தெலுங்கிலேயே ஓட்டினார்கள். பாஷை தெரியாதவர்களும் போய்ப் பார்த்தார்கள். 1999 டிசம்பரில் பாலாவின் 'சேது' சென்னையில் ஏதோ ஒரு புறநகர்த் தியேட்டரில் பகல் காட்சியாகத்தான் தொடங்கியது. வாய் வார்த்தை ஒன்றுதான் அதை நூறு நாள் ஓட்டி, விக்ரம் என்கிற நடிகருக்கு வாழ்வு கொடுத்தது. அதே கதை 2002-இல் 'சேஷு' என்று தெலுங்கில் வந்தபோது, நம் ஆட்கள் பார்த்துவிட்டு "நம்ம சேது மாதிரி வராது" என்று பக்கத்துக் கடை ரெட்டியோடு வாதம் பண்ணியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வியாபாரி என்கிற முறையில் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு படத்துக்குச் சில பிரிண்டுகள்தான் போடுவார்கள். முதலில் பட்டணம், பிறகு ஜில்லாத் தலைநகரம், கடைசியில் எங்கள் ஊர் டெண்டுக் கொட்டகை. படப்பெட்டி வருவதற்கு முன்னால் பேச்சு வந்து சேர்ந்துவிடும். நல்ல பேச்சு என்றால் பெட்டிக்காகக் காத்திருப்போம். சங்கராபரணமும் சேதுவும் பிழைத்தது இந்த நிதானத்தால். 2000-க்குப் பிறகு டிஜிட்டல் திரையிடல் வந்தது. பிரிண்டுச் செலவு குறைந்து, ஒரே நாளில் உலகம் பூராவும் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் இறங்குகிறது. போட்ட பணம் வெள்ளி, சனி, ஞாயிறுக்குள் திரும்ப வர வேண்டும். மூன்று நாள் வாயை மூடச் சொல்லிக் கேட்டது இந்தக் கணக்கில்தான். அவர்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. காசு வாங்கிக்கொண்டு திட்டுகிறவர்கள் உண்டு, நடிகையின் உடம்பைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அதற்குச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது. ஆனால் பாத்திரம் வாங்கிப் போன அம்மா, அடி பிடிக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லக் கூடாது, திங்கட்கிழமை வரை பொறுக்க வேண்டும் என்று நான் கேட்க முடியுமா? கேட்டால் மறுநாள் கடை திறக்க முடியாது.

விகடன் மார்க் போட்டதைச் சொல்லாமல் விட்டால் எழுபதுகளில் வாலிபராக இருந்தவர்கள் கோபித்துக் கொள்வார்கள். 1977-இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' படத்துக்கு 62½ மார்க் கொடுத்தார்கள். அந்த அரை மார்க் எதற்கு என்று சலூனில் சண்டையே நடந்தது. அதுவரை நன்றாக இருக்கிறது, இல்லை என்று மட்டும் சொல்லிக் கொண்டிருந்த ஜனங்கள், பிறகு "நான் ஐம்பதுதான் போடுவேன்" என்று வாத்தியார் மாதிரி பேசத் தொடங்கினார்கள்.

நான் உப்பலுக்கு வந்தது எண்பதுகளில். தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு செகந்திராபாத் போக வேண்டும். பஸ் ஏறிக் குடும்பத்தோடு போவோம். வெளியே வந்ததும் யாரும் உடனே கிளம்ப மாட்டார்கள். கொட்டகை வாசலில் ரயில்வே உத்தியோகஸ்தர், ராணுவக் கணக்குத் துறைக்காரர், ஃபவுண்டரித் தொழிலாளி, என்னைப் போலக் கடைக்காரன் எல்லோரும் ஒரே வட்டமாக நின்று பேசுவோம். திருநெல்வேலிப் பேச்சு, கோயமுத்தூர்ப் பேச்சு, ஆற்காட்டுப் பேச்சு எல்லாம் அங்கே கேட்கலாம். சங்கத்துக்கு ஆள் சேர்த்தது அந்த வாசலில்தான் என்று மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும். யார் யார் ஊருக்குப் போகிறார்கள், யார் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதும் 'படம் எப்படி?' என்பதில் ஆரம்பித்துத்தான் வரும்.

அப்புறம் தூர்தர்ஷன். ஞாயிறு மத்தியானம் மாநில மொழிப் படம் போடுவார்கள். ஆங்கில எழுத்து வரிசையில் மொழிகள் வரும். தமிழ் முறை வருவதற்குள் பல வாரம் ஓடிவிடும். நமக்கு அடுத்து தெலுங்கு. எங்கள் தெருவில் டி.வி. இருந்தது ஒரு தெலுங்கு வாத்தியார் வீட்டில். தமிழ்ப் படம் அன்று நாங்கள் எல்லோரும் அவர் வீட்டுக் கூடத்தில். அந்த அம்மா எழுத்தைப் படிக்க முடியாமல், "ஏமன்டுன்னாடு அண்ணய்யா?" என்று என்னைக் கேட்பார். எனக்கு அப்போது தெலுங்கு அரைகுறை. வசனத்தைத் தெலுங்கில் சொல்லப் போய் நான் தெலுங்கு கற்றேன். அடுத்த ஞாயிறு தெலுங்குப் படம், அவர் எனக்குச் சொல்வார். படம் முடிந்ததும் அது நன்றாயிருந்ததா என்று இரண்டு பாஷையிலும் வாதம் நடக்கும். என் மூத்த மகள் தமிழில் முதன்முதலாக நீளமாக ஒரு வாக்கியம் பேசியது அந்தக் கூடத்தில்தான், ஒரு படத்தில் அம்மா ஏன் செத்துப் போனாள் என்று கேட்டு அழுதபோது.

1993-இல் சன் டி.வி. வந்தது. வீட்டுக்கு வீடு தமிழ் வந்தது. வாசல் வட்டம் சிறுத்தது. இப்போது என் பேரன் தனியாகப் போனில் படம் பார்க்கிறான், கருத்தையும் போனிலேயே எவனோ சொல்லக் கேட்டுக் கொள்கிறான். குறை சொல்லவில்லை. கல்கி எருமைக்கு மார்க் போட்ட மாதிரி அதில் சில பையன்கள் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் அவனுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. அவன் தமிழில் வாயைத் திறப்பது படத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான். அதனால்தான் "மூணு நாள் பேசக் கூடாதாம்" என்று அவன் சொன்னபோது எனக்குச் சுரீர் என்றது. கேஸ் போட்டவர்களுக்கு இப்படி ஒரு வீடு உப்பலில் இருக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

பெரியப்பாவின் பெட்டியிலிருந்து பென்சில் குறிப்புகளையெல்லாம் ஒரு நோட்டில் எடுத்து எழுதி வருகிறேன். வாசிப்பவன் நான், தேதி வாரியாக அடுக்குகிறவன் பேரன். கொட்டகைப் பெயர்களைத் தெலுங்கில் எழுதிக் கொள்கிறான். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். நம் சங்கக் குடும்பங்களில் யாரிடமாவது பழைய பாட்டுப் புத்தகமோ, செகந்திராபாத் காலைக் காட்சி டிக்கெட்டோ, அன்று வாசலில் என்ன பேசினோம் என்ற ஞாபகமோ இருந்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள். புத்தகத்தை நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் மத்தியானத்துக்குள் வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு கடை கிடையாது.